தண்டவாளம் திரும்பி வந்த ஊர்

தெஸ்ஃபாய் எரித்திரியாக்காரன். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு லோண்டரியில் நானும் அவனும் ஒன்றாக வேலை செய்தோம். ஹோட்டல் படுக்கை விரிப்புகள் வரும். அவன் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து மடிக்கவேண்டும். ஆறு வருஷம் மடித்தோம். இரண்டு பேருக்கும் இங்கிலீஸ் அரைகுறை. அந்த வேலைக்கு அது காணும்.

1996இல் ஒருநாள் அவன் விரிப்பை மடிக்காமல் பிடித்தபடி நின்றான்.

"அப்பாவுக்குக் கண் போகுது," என்றான். "ஒரு கண் போட்டுது. மற்றதும் போய்க்கொண்டிருக்கு. கண்ணுக்குள்ளை அமுக்கமாம். இஞ்சை ஒப்பரேசனுக்கு நாள் எடுத்திட்டன். விசாவும் வந்திட்டுது. ஆள் வரமாட்டன் எண்டு நிக்குது."

"ஏன்?"

"வேலைக்குப் போகவேணுமாம்."

தகப்பனுக்கு அறுபத்தெட்டு வயது. பழைய ரயில்வேக்காரர். மசாவாத் துறைமுகத்திலிருந்து அஸ்மாரா வரை இத்தாலிக்காரன் மலையில் போட்ட பாதை அது. முப்பது வருஷச் சண்டையில் அது போய்விட்டது. இப்போது நாடு கிடைத்து, பாதையைத் திரும்பப் போடுகிறார்கள். வேலை தெரிந்த இளம் ஆட்கள் இல்லை. பென்சன்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"நீ போய்க் கூட்டிக்கொண்டு வா. என்ரை மனுசிக்குப் பிள்ளைப்பேறு கிட்டுது, எனக்கு ஏலாது. போனிலை கதைச்சால் ரெண்டு பேரும் கத்திறம். நீ ரயில் ஆள். ரயில் ஆள் சொன்னால் கேப்பார்," என்றான் தெஸ்ஃபாய்.

நான் ரயில் ஆள்தான். சாவகச்சேரிப் பக்கம் பன்னிரண்டு வருஷம் பாதை வேலை. எங்கள் வேலைக் கூட்டத்துக்குப் பார்க்க மூன்று மைல் துண்டு. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எண்பத்தாறில் இங்கே வந்தேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி பவளம் கையில் இருந்த அகப்பையோடு திரும்பினாள்.

"ஆப்பிரிக்காவுக்கோ? உங்களுக்கென்ன விசரே? இஞ்சை கிட்டச் சட்டனிலை தங்கச்சி வீட்டை வாங்கோ எண்டால், ட்ரெயின் மாறவேணும், கால் உளையுது எண்டுவியள்."

"பாதை போடுறாங்களாம்," என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒரு போத்தலில் மிளகாய்த்தூள் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டித் தந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அஸ்மாராவில் இறங்கினேன். ஆப்பிரிக்கா என்று மெல்லிய சேட்டு நாலு கொண்டுபோயிருந்தேன். அங்கே நுவரெலியாக் குளிர். ஊர் மலை உச்சியில் இருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு இருபது அடி நடக்க மூச்சு வாங்கியது.

கூட்டிப்போக வந்தவள் தெஸ்ஃபாயின் தங்கை ஸெலாம். முப்பது வயதிருக்கும். கட்டையாக வெட்டிய தலைமயிர். பன்னிரண்டு வருஷம் போராளியாக இருந்தவள். இப்போது தபால் கந்தோரில் முத்திரை விற்கிறாள். என்னைப்போல அரைகுறை இங்கிலீஸ். என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். ஓடித்தான் பிடித்தேன்.

"அப்பா எங்கை?"

"கிண்டாவிலை. கீழை. பாதை வேலை அங்கைதான் நடக்குது. ஞாயிற்றுக்கிழமை போவம். இண்டைக்கு வேண்டாம்."

"ஏன்?"

"இண்டைக்கு வந்த விருந்தாளிக்குச் சாப்பாடு குடுக்காமல் பஸ்சிலை ஏத்தினால் ஊர் சிரிக்கும்."

சாப்பாட்டுக்கு ஒரு பெரிய தாம்பாளம் வந்தது. அதை மூடினமாதிரி ஒரு பெரிய தோசை. இஞ்செரா என்கிறார்கள். தோசையைவிடப் புளிப்பு. மேற்பக்கம் முழுக்க அப்பம்போல ஓட்டை. அதற்குமேல் பருப்பு, கீரை, கடலைமாக் கறி. இறைச்சி, முட்டை, பால் ஒன்றும் இல்லை. கேட்டேன். புதனும் வெள்ளியும் அவர்கள் மச்சம் தொடுவதில்லையாம். பவளமும் வெள்ளிக்கு மச்சம் சமைக்கமாட்டாள், கேட்டால் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன்.

நான் என் தட்டுக்காகக் காத்திருந்தேன். அப்படி ஒன்று வரவில்லை. எல்லாரும் அந்த ஒரு தாம்பாளத்தில்தான். எச்சில் என்று சிறுவயதில் வாங்கிய அடியெல்லாம் ஞாபகம் வந்தது. கரையில் ஒரு துண்டு பிய்த்து, என் பக்கத்துக் கறியை மட்டும் தொட்டுத் தின்றேன். ஸெலாம் அதைப் பார்த்துவிட்டாள். ஒரு பெரிய கவளம் உருட்டி, என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"திற."

"வேண்டாம், நான் சாப்பிடுறன்."

"மலையிலை பத்துப்பேர் ஒரு தட்டிலை சாப்பிட்டனாங்கள். ஒருத்தரும் சாகேல்லை. குண்டுபட்டுச் செத்தவை வேறை. திற."

திறந்தேன். நல்ல உறைப்பு. மிளகாய்த்தூள் போத்தலை வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது.

இன்னொன்று. அவர்கள் "ஓம்" என்று வாயால் சொல்வது குறைவு. மூச்சை டக்கென்று உள்ளே இழுப்பார்கள். முதல் நாள் முழுக்க நான் சொன்னதைக் கேட்டு எல்லாரும் திடுக்கிடுகிறார்கள் என்றே நினைத்தேன். அவர்களுக்கும் என் தலையாட்டு விளங்கவில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்க ஆட்டுவேன். வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சனிக்கிழமை ஊர் சுற்றினோம். அகலமான ரோட்டு, இரண்டு பக்கமும் பேரீச்சைபோல மரங்கள். கட்டடங்கள் எல்லாம் மூலை மழுங்கி, கப்பல் தளம்போல வளைந்து நிற்கின்றன. ஒரு பெற்றோல் செட் பிளேன்மாதிரி இரண்டு செட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. தாங்க ஒரு தூணும் இல்லை. கீழே நின்று கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்தேன். சின்னச் சின்னப் பழைய ஃபியாட் கார்கள், சைக்கிள்கள். ரோட்டில் குப்பை இல்லை. லண்டன் கிரீன் ஸ்ட்ரீட்டில் சனிக்கிழமை நடந்தவனுக்கு அது அதிசயம்.

காப்பிக்கடையில் பெரிய பித்தளை மெசின். ஆவி சீறும். கடைக்காரன் சின்னக் கோப்பையில் நுரையோடு தந்தான். கிழவர்கள் கோட்டும் தொப்பியுமாக நின்றபடி குடித்தார்கள். போகும்போது எல்லாரும், இத்தாலிக்காரன் விட்டுப்போன "சாவ்" சொல்லி விடைபெற்றார்கள்.

"இத்தாலிக்காரன் காலத்திலை இந்த ரோட்டிலை எங்கடை ஆக்கள் நடக்கேலாது," என்றாள் ஸெலாம். "பள்ளிக்கூடமும் நாலாம் வகுப்பு மட்டும்தான். அதுக்குமேலை எங்களுக்கு இல்லை. அப்பா நாலாம் வகுப்பு."

"நான் அஞ்சு," என்றேன்.

"அப்ப நீ பெரிய படிப்பு. அவருக்குச் சொல்லாதை."

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக்கடை. ஸ்பகெட்டி வந்தது. முதல் நாள் கையால் சாப்பிட்டதால், இங்கே எல்லாம் கையால்தான் என்று முடிவு செய்துவிட்டேன். இடியப்பத்துக்குச் சொதி விட்டுப் பிசைவதுபோல நன்றாகப் பிசைந்தேன். நிமிர்ந்தால் கடை அமைதி. பக்கத்து மேசைக் கிழவர் முள்ளுக்கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி இருந்தார். ஸெலாம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இஞ்செரா கையாலை, ஸ்பகெட்டி கரண்டியாலை," என்றாள்.

"முதல் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால் இதைப் பாத்திருக்கேலாதே."

பிசைந்ததைப் பிசைந்தபடி சாப்பிட்டு முடித்தேன். கையால் ருசி கூட.

ஞாயிறு பஸ். அஸ்மாராவை விட்டு வெளியே வந்ததும் நிலம் முடிந்துவிட்டது. கீழே மேகம். ரோட்டு அதற்குள் இறங்குகிறது. வளைவுக்கு மேல் வளைவு. சாரதிக்குப் பக்கத்தில் மாதா படம். அவர் ஒவ்வொரு வளைவிலும் அதைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தால் நல்லது என்று எனக்குப் பட்டது.

பாதிவழியில் எரிந்த நாற்றம். பிரேக். பஸ்சை மலையோடு ஒட்டி நிற்பாட்டி, கண்டக்டர் சில்லுக்குத் தண்ணீர் ஊற்றினான். புகை. எல்லாரும் இறங்கிக் கல்லில் இருந்தோம். யாருக்கும் அவசரம் இல்லை. ஒரு மனுசி நாகதாளிப் பழம் விற்றாள். எங்கள் ஊரில் வேலியில் கிடக்கும், தின்பதில்லை. நானே ஒன்றை எடுத்து உரித்தேன். கண்ணுக்குத் தெரியாத முள் விரலெல்லாம் ஏறிவிட்டது. மனுசி என் கையைப் பிடித்துத் தன் தலைமயிரில் தேய்த்தாள். முள் போய்விட்டது. இது நான் அறியாத வைத்தியம்.

அந்தக் கல்லில் இருந்து பார்க்க, எதிர்மலையில் பழைய ரயில் பாதை தெரிந்தது. கல் வளைவுப் பாலங்கள், சுரங்கங்கள். தண்டவாளம் மட்டும் இல்லை.

"ஆர் கழட்டினது?" என்று கேட்டேன்.

"ஆமிக்காரங்களும் கழட்டினாங்கள், நாங்களும் கழட்டினம். பங்கருக்குக் கூரை போட," என்றாள் ஸெலாம். "நானே கழட்டியிருக்கிறன். அந்தா, அந்த மூலைக்கு அங்காலை. அப்பா போட்ட துண்டு."

"அவருக்குத் தெரியுமோ?"

"அதை விட்டால் அவருக்கு வேறை கதை இல்லை."

தண்டவாளத்துக்குக் கீழே போடும் எங்கள் சிலிப்பர் கட்டைகளும் பங்கருக்குப் போனதாகத் தம்பி கடிதம் எழுதியிருந்தான்.

கிண்டாவில் வெக்கை. பழைய ஸ்டேசன் கட்டடத்தில் பென்சன்காரர்கள் தங்கியிருந்தார்கள். இருபது பேர்வரை. ஸெலாமின் தகப்பன் ஹைலே வாசலில் நின்றார். மெலிந்த உயரமான மனிதர். காக்கிச் சட்டை, கழுத்துவரை பொத்தான். பெரியவர்களை அங்கே அபோய் என்று கூப்பிடுவார்கள். நானும் அபோய் என்றேன். நாங்கள் அப்பு என்பதுபோலத்தான்.

அவருக்குத் தெரிந்த பாசை திக்ரிஞ்ஞாவும் இத்தாலியனும். பிரிட்டிஷ்காரன் இருந்த காலத்து இங்கிலீஸ் கொஞ்சம். மிச்சத்தை ஸெலாம் சொன்னாள்.

"மகன் உன்னை அனுப்பினவனோ, என்னைக் கட்டிக்கொண்டு போக?"

"ஓம்."

"கயிறு கொண்டு வந்தனியோ?"

"இல்லை."

"அப்ப இரு. காப்பி குடி."

காப்பி அங்கே சும்மா குடிப்பதில்லை. கொட்டையை முன்னாலேயே வறுத்து, இடித்து, மண்குடத்தில் கொதிக்கவைத்து, ஒரே தூளில் மூன்றுமுறை ஊற்றுவார்கள். மூன்றாவது குடிக்காமல் எழும்பினால் மரியாதை இல்லை. முதல் கோப்பையில் ஸெலாம் லண்டன் கதையை எடுத்தாள். மூன்றாவது முடியட்டும் என்றார். மூன்றாவது முடிந்தது. எழும்பி, "வேலை கிடக்கு," என்று போய்விட்டார்.

"நான் வரேக்கையெல்லாம் இப்பிடித்தான்," என்றாள். "இன்னும் நாலு நாளிலை பிளேன். காப்பியாலேயே என்னை அடிச்சுப்போட்டார்."

திங்கட்கிழமை வேலையைப் பார்த்தேன். பாதை ஒடுக்கம். எங்கள் பாதை ஐந்தரை அடி. இது மூன்றடியும் ஒன்றரை அங்குலமும். சிலிப்பர்கள் இரும்பு. பங்கர்களில் இருந்து கழற்றி லொறியில் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். கூரைக்குப் போட்டதால் எல்லாம் நெளிந்து கிடந்தன. கிழவர்கள் ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்து அடித்து நிமிர்த்தினார்கள். போல்ட், நட்டுகளை ஒரு பட்டறையில் கையால் செய்தார்கள். ஒரு இஞ்சினியர் வாரத்துக்கு ஒருநாள் வந்து போவாராம். மிச்ச நாள் இவர்கள்தான்.

அபோய்க்குச் சரியான எதிராளி மூசா என்ற கிழவர். கிண்டாவிலேயே பிறந்தவர். இரண்டு பேரும் நாள் முழுக்கக் கடிபடுவார்கள்.

"மூசா அடிச்ச சிலிப்பரைப் பார். முன்னம் நெளிஞ்சு கிடந்தது. இப்ப வேறை பக்கத்துக்கு நெளிஞ்சிருக்கு."

"உன்ரை மகள் கழட்டேக்கை நெளிச்சது. அவளைக் கேள்."

"நான் போட்டன், இவள் கழட்டினாள், திரும்பவும் நான் போடுறன். இவளுக்கு அரசாங்கம் மெடல் குடுத்தது. எனக்கு ஒரு சுத்தியல்."

எனக்கும் ஒரு சுத்தியல் தந்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பிடித்தேன். மத்தியானத்துக்குள் கை கொப்பளித்துவிட்டது. மூசா பார்த்துச் சிரித்தார். அபோய் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து இருந்தார். எங்கள் ஊரிலும் இப்போது பாதை இல்லை என்றேன்.

"உங்கடை பாதையை ஆர் கழட்டினது?"

"எல்லாரும்."

மூச்சை உள்ளே இழுத்தார். "இங்கையும் அப்பிடித்தான்."

அவருடைய வேலை போட்டு முடித்த பாதையைப் பார்த்து வருவது. நீளப்பிடிச் சுத்தியலோடு நடப்பார். இரண்டு தண்டவாளம் சேரும் ஒவ்வொரு மூட்டிலும் தட்டுவார். சத்தத்தில் இறுக்கம் தெரியும். சரி என்றால் "பேனே" என்பார். அவர் பேனே சொன்னால்தான் அந்தத் துண்டில் இஞ்சின் ஏறும். புதன்கிழமை கல் ஏற்றிக்கொண்டு இஞ்சின் மேலே போகவேண்டும். செவ்வாய் காலை அவருக்குப் பின்னால் நானும் நடந்தேன். ஸெலாம் வரவில்லை.

அவர் நன்றாக நடந்தார். எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது, கண் தெரியாது என்பது மகனுடைய பயமோ என்று.

ஆற்றுப் பாலத்துக்கு மேலே ஒரு வளைவு. வெளித் தண்டவாளத்தில் ஒரு மூட்டு. இரண்டு தகடு வைத்து நாலு போல்ட் பூட்டியிருக்கவேண்டும். இரண்டுதான் இருந்தன. நட்டு முடிந்துபோய்ப் பிறகு போடலாம் என்று விட்டிருப்பார்கள், பிறகு மறந்திருப்பார்கள். இருந்த இரண்டும் நல்ல இறுக்கம். அதனால் தட்டினால் சத்தம் சரியாகத்தான் வரும். பார்த்தால்தான் தெரியும்.

அவர் தட்டினார். "பேனே," என்றார். நடந்தார்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மற்றவனுடைய துண்டில் பிழை கண்டால் வாயால் சொல்லக்கூடாது. சோக் வெண்கட்டியால் தண்டவாளத்தில் குறுக்குமறுக்காக ஒரு பெரிய புள்ளடி போட்டுவிட்டுப் போகவேண்டும். அவன் திரும்பி வரும்போது காண்பான், தானே திருத்துவான். ஆட்களுக்கு முன்னால் அவமானம் இல்லை. அங்கேயும் அந்த வழக்கம்தான் என்று மூசா தந்த சோக்குத்துண்டு என் பொக்கற்றில் இருந்தது. போட்டேன். துருப்பிடித்த தண்டவாளத்தில் வெள்ளைப் புள்ளடி. நூறு அடிக்கு அங்கால் இருந்தே தெரியும்.

மேலே முடிவுவரை போய்த் திரும்பினோம். அந்த வளைவு வந்தது. புள்ளடியைத் தாண்டி நடந்தார்.

அவர் கண்டும் காணாமல் போகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை. நேராகப் பார்க்கும் இடம் மட்டும் அவருக்குத் தெரிகிறது. காலடி தெரியவில்லை. பாதையை முப்பது வருஷம் நடந்த கால், தானாக நடக்கிறது.

ஸ்டேசனுக்கு வந்து ஒரு சுவரோடு இருந்தேன். பட்டறையில் நட்டும் போல்ட்டும் இருந்தது. ஸ்பானர் இருந்தது. நானே போய்ப் பூட்டிவிட்டு வந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நான் வியாழன் போய்விடுவேன். அடுத்த மூட்டுக்கு யார்? ஸெலாமிடம் சொல்லலாம். அவள் கத்துவாள், மூசா கேட்பார், எல்லாரும் கேட்பார்கள். அவர் லண்டனுக்கு வருவார், ஆனால் தலை குனிந்து வருவார். மகன் என்னை அனுப்பியது அதற்கில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு போல்ட், நட்டு, ஸ்பானர் எடுத்தேன். அபோயிடம் போனேன்.

"வாங்கோ."

"எங்கை?"

"மேலை."

வந்தார். அந்த வளைவில் நிறுத்தினேன். குந்தினேன். அவரும் குந்தினார். அவருடைய கையைப் பிடித்துத் தகட்டில் வைத்தேன். விரல் முதல் நட்டைத் தடவியது. அடுத்தது ஓட்டை. விரல் உள்ளே போய் நின்றது. பிறகு மற்ற ஓட்டை.

விரல் திரும்ப முதல் நட்டுக்கு வந்தது. கீழே ஆட்டுமணிச் சத்தம் கேட்டது.

"நான் பேனே சொன்னனானோ?"

"ஓம்."

"மூசாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"மகளுக்கு?"

"இல்லை."

"நீ அடையாளம் போட்டனியோ?"

அவருடைய விரலைப் புள்ளடியில் வைத்தேன். எடுத்து முகத்துக்கு நேரே, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். வெள்ளை.

"பெரிசாய்த்தான் போட்டிருக்கிறாய்," என்றார்.

நான் பூட்டப் போனேன். ஸ்பானரை வாங்கிக்கொண்டார். தானே இரண்டையும் பூட்டினார். பார்க்காமல், கையால். நான் தொட்டுப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பின்னேரம் காப்பி. மூன்றாவது கோப்பை முடிந்தது. இந்த முறை எழும்பவில்லை. நீளப்பிடிச் சுத்தியலை எடுத்து மூசாவின் மடியில் வைத்தார்.

"இண்டைக்கு ஒரு மூட்டிலை ரெண்டு போல்ட் இல்லை. நான் காணேல்லை. இந்த ஆள் கண்டது. பூட்டியாச்சு. நாளையிலையிருந்து நீ நட."

மூசா சுத்தியலை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"எத்தினை நாளைக்கு?"

"ரெண்டு மாசம் எண்டு டொக்டர் சொல்லுறார்."

"கெதியாய் வா," என்றார் மூசா. "நான் நடந்தால் எல்லாத்துக்கும் பேனே சொல்லிப்போடுவன்."

ஸெலாம் வெளியே போய்விட்டாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள்.

புதன் காலை இஞ்சின் கல் ஏற்றிக்கொண்டு வந்தது. சின்ன இஞ்சின், ஆனால் பெரிய சத்தம். அபோய் முன்பக்கப் படியில் ஏறினார். என்னையும் ஏறச் சொன்னார். எரிகிற சூட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாலம் தாண்டி வளைவு வந்ததும் தலையை ஒருபக்கம் சாய்த்துக் காது கொடுத்தார். சில்லு மூட்டில் ஏறி இறங்கியது. மற்ற மூட்டுகளைப்போலவே. அவர் இறங்கும்போது சட்டைப் பொத்தானைச் சரி பார்த்தார்.

மத்தியானம் அஸ்மாரா பஸ். மூசாவும் மற்றவர்களும் ரோட்டுக்கு வந்து நின்றார்கள். அபோய் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார். பஸ்சுக்கு முன்னால் வந்து நின்றார். பின்னால் ஆட்கள் ஏறக் காத்திருந்தார்கள். மூசா பார்த்துக்கொண்டிருந்தார். அபோய் என் பக்கம் திரும்பினார். சத்தத்தைக் குறைக்காமல், எல்லாருக்கும் கேட்கத்தான் கேட்டார்.

"படி எங்கை?"

சொன்னேன். ஏறினார்.